பியூரெட்டில் இரண்டு தட்டல்

உன் ரஃப் நோட்டு என் மேசைமேல் இருக்கிறது. மூன்று நாளாக அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். அட்டையில் பெர்மாங்கனேட் கொட்டின கறை. அந்தக் காலத்தில் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது, இப்போது காப்பி சிந்தின மாதிரிப் பழுப்பேறிக் கிடக்கிறது. கொட்டினவன் நான்தான். திட்டப் போகிறாய் என்று பயந்து நின்றேன். நீயோ துண்டால் ஒற்றிக்கொண்டே, "இப்ப இது என்ன நிறமப்பா?" என்று கேட்டாய். கேலி பண்ணுகிறாய் என்று நினைத்து நானும் சிரித்து வைத்தேன். அது கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாய் என்று எனக்கு உறைக்க ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆகியிருக்கிறது. அதற்கு நீ சாகவும் வேண்டியிருந்திருக்கிறது.

நீ போன சேதி எனக்கு நேராக வரவில்லை. நம்மோடு படித்த ஒருவர் தன் பேத்திக்குக் காலேஜில் இடம் கேட்பதற்காகப் போன் பண்ணினவர், பேச்சோடு பேச்சாகச் சொன்னார். உன் பேரைக் கேட்டதும் முதலில் எனக்கு வந்தது பழைய எரிச்சல்தான். அதை ஒளிப்பானேன்? அப்புறம் ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் மூணாறில் பஸ் ஏறிவிட்டேன். மறையூர், உடுமலை, பொள்ளாச்சி, அப்புறம் கொழிஞ்சாம்பாறை. அந்த ஸ்டாப்பைத் தாண்டி எத்தனையோ தடவை பாலக்காட்டுக்குப் போய் வந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன். முதன்முதலாக இறங்கியது உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு.

உறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் சாப்பிட்டுக் கலைந்துகொண்டிருந்தார்கள். உன் மனைவி மோர் கொண்டுவந்து தந்தார். நான் இன்னாரென்று சொன்னேன். "எஸ்டேட்டுல இருந்து வந்து படிச்ச முருகையாங்களா?" என்று கேட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். துக்க வீட்டில் என்ன பேசுவதென்று தெரியாமல், வாய் சும்மா இருக்காமல், நான் ஒன்று சொன்னேன். நல்ல மூளைக்காரன், கடைசிப் பரீட்சையில் மட்டும் கொஞ்சம் அசட்டையாக இருந்துவிட்டான், இல்லாவிட்டால் எங்கேயோ போயிருப்பான் என்று. ஆறுதலாகச் சொல்வதாகத்தான் நினைப்பு.

"அசட்டையெல்லாம் இல்லீங்க," என்றார் உன் மனைவி. "அவருக்குத்தான் செவப்பும் பச்சையும் ஒண்ணாத் தெரியுமே. ரோசாப்பூ நெறமெல்லாம் தெரியவே தெரியாதுங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டம்ளர் சாய்ந்து மோர் வேட்டியில் வழிந்ததைக்கூட அவர் சொல்லித்தான் பார்த்தேன். அவரோ ஊருக்கே தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போனார். தக்காளி பறிக்கும்போது தான் பக்கத்திலேயே நிற்க வேண்டுமாம். சிக்னலில் மேலே எரிந்தால் நிற்பாயாம், கீழே எரிந்தால் போவாயாம். கல்யாணமான மறுநாளே நீ அவரிடம் சொல்லிவிட்டாயாம். "காலேஜ்ல நீங்கதான் அவருக்குக் கண்ணுன்னு சொல்லுவாருங்க," என்றார். அவர் முகத்தில் நன்றி தெரிந்தது. நான் எழுந்து கை கழுவுகிற சாக்கில் வெளியே போய் நின்றேன். உள்ளே திரும்பி வந்தபோது இந்த நோட்டை எடுத்து வைத்திருந்தார்.

மூணாறு வரும் வரை நான் அதைத் திறக்கவில்லை.

பாலக்காட்டில் நான் அந்தக் கல்லூரிக்கு வந்த கோலம் உனக்குத் தெரியும். அம்மா கொழுந்தெடுப்பவள், அப்பா தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுபவர். கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வீட்டில் பிறந்து, தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலும் மூணாறிலும் தமிழில் படித்தவன். ப்ரீ டிகிரியைத் தட்டுத்தடுமாறித் தாண்டி பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியில் வந்து உட்கார்ந்தால், பாடம் நடத்துகிற இங்கிலீஷும் பிடிபடவில்லை, அதை விளக்குகிற மலையாளமும் பாதிதான் பிடிபட்டது. எங்கள் லயத்தில் சயன்ஸ் படிக்கக் காலேஜுக்கு வந்த முதல் ஆள் நான். தேறாமல் திரும்பினால் தோட்டத்தில் பேர் பதிந்துவிடுவார்கள். அப்பாவின் கவாத்துக் கத்தி என் கைக்கு வந்துவிடும். இதை முதல் வாரமே உன்னிடம் சொல்லியிருந்தேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

அந்த முதல் வாரத்தில்தான் லேபைப் பார்த்துக்கொண்ட டெமான்ஸ்ட்ரேட்டர், எந்த ஊர் என்று என்னைக் கேட்டார். எஸ்டேட் என்றதும், சயன்ஸ் கஷ்டமாயிற்றே, ஹிஸ்டரி எடுத்திருக்கக் கூடாதா என்றார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. எனக்கு நல்லது சொல்வதாகத்தான் அவர் நினைப்பும். ஆனால் எனக்குக் காதெல்லாம் சுட்டது. ப்ரீ டிகிரி லேபில் பின்வரிசையில் நின்றே தப்பித்தவன், பியூரெட் என்ற கண்ணாடிக் குழாயை அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்முதலாகக் கையில் தொடுகிறேன். எந்தப் பக்கம் பிடிப்பதென்றுகூடத் தெரியவில்லை. வருகைப் பட்டியலில் எனக்கு அடுத்த பேர் உன்னுடையது என்பதால் நீ என் பக்கத்தில் நின்றாய்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளை. சலவைச் சட்டை, கையில் கடிகாரம், வாயில் சரளமாக இங்கிலீஷ். உன்னைப் பார்த்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. நீ அதைக் கண்டுகொள்ளவேயில்லை. சாயங்காலம் கோட்டை அகழிக் கரையில் உட்கார்ந்து, அன்றைக்கு நடந்த பாடத்தை முதலிலிருந்து தமிழில் சொன்னாய். மூன்று வருஷமும் சொன்னாய். மழை பெய்தால் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து சொன்னாய். எனக்குப் புரிகிற மாதிரி சொல்ல என் ஊரைப் பற்றி நோண்டி நோண்டிக் கேட்பாய். பிளாங்க் டைட்ரேஷன் என்றால் என்னவென்று நான் முழித்தபோது நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "உங்க தோட்டத்துல கொழுந்து நிறுக்கறப்ப சாக்கோட எடையக் கழிப்பாங்கல்லப்பா? அதேதான் இது. சும்மா தண்ணிய வச்சு ஒருக்காப் பண்ணிப்போட்டு, அத இதுல கழிச்சுரு." நான் பிற்பாடு வாத்தியாராகி எத்தனையோ வருஷம் இதே சாக்கை வைத்துத்தான் சொல்லிக் கொடுத்தேன். யார் சொன்னது என்று ஒரு தடவைகூட வகுப்பில் சொன்னதில்லை.

இதற்கெல்லாம் பதிலாக நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. குடுவையைப் பார்த்துச் சொல்லச் சொன்னாய்.

பெர்மாங்கனேட் டைட்ரேஷன் எப்படி என்று உனக்கே நான் எழுதுவது வேடிக்கைதான். ஆனாலும் எழுத வேண்டும்போல் இருக்கிறது, ஏனென்றால் நான் பார்த்ததை நீ ஒரு நாளும் பார்த்ததில்லை. மேலே பியூரெட்டிலிருந்து கத்தரிப்பூ நிறத்தில் சொட்டுச் சொட்டாக விழும். கீழே குடுவையில் விழுந்ததும் நிறம் காணாமல் போய்விடும். விழும், போகும். விழும், போகும். ஏதோ ஒரு சொட்டு மட்டும் போகாது. தண்ணீர் முழுக்க லேசாக, மிக லேசாக, ரோஜா நிறம் பிடித்து அப்படியே நிற்கும். அங்கே குழாயை மூட வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் கணக்குத் தப்பு. முதல் தடவை அதைப் பார்த்தபோது எண்ட் பாயிண்ட் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. வாய் தானாக, "பூத்துருச்சு" என்றது. நீ சட்டென்று குழாயை மூடினாய். அளவு அச்சாக வந்திருந்தது. உனக்கு அவ்வளவு சந்தோஷம். இனி நான் குழாயைப் பிடிக்கிறேன், நீ கீழே பார், பூத்ததும் சொல் என்றாய்.

லேபில் பேசக் கூடாது என்று டெமான்ஸ்ட்ரேட்டர் கண்டிப்பாக இருந்ததால் நீ வேறு வழி கண்டுபிடித்தாய். கண்ணாடிக் குச்சியால் பியூரெட்டில் இரண்டு தட்டல். பூத்துவிட்டதா என்று அதற்கு அர்த்தம். நான் தலையைத் தூக்கி உன் குடுவையைப் பார்ப்பேன். பூத்திருந்தால் தலையசைப்பேன். இல்லையென்றால் மறுபடி குனிந்துகொள்வேன். முதல் வருஷம் இருவரும் சேர்ந்து செய்தபோது இது சரியாக இருந்தது. இரண்டாம் வருஷம் ஆளுக்கொரு பியூரெட் தந்துவிட்டார்கள். அப்போதும் நீ தட்டினாய். உப்புகளைப் பார்த்து நிறம் எழுதும்போதும் என் பக்கம் நகர்த்தி, இங்கிலீஷில் சொல்லு பார்க்கலாம் என்பாய். பிங்க், பஃப், பேல் கிரீன் என்று நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வாய். எனக்கு இங்கிலீஷ் பழக்குகிறாய் என்று நினைத்தேன். கொஞ்சம் அவமானமாகவும் கொஞ்சம் நன்றியாகவும் இருந்தது. முட்டாள், முட்டாள். நான் சொன்னதை வைத்துத்தான் நீ விடையே எழுதியிருக்கிறாய்.

சித்திரையில் கல்லூரி வாசலில் அந்தப் பெரிய குல்மோஹர் மரம் இலை தெரியாமல் சிவந்து நின்றது நினைவிருக்கிறதா? எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நீ என்னிடம் மெதுவாக, "இந்த வருசம் பூத்துருச்சா?" என்றாய். ஒரு முழு மரம் தலைக்கு மேலே நிற்கும்போது அப்படிக் கேட்டாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன், பக்கத்திலிருந்தவர்களிடமும் சொல்லிச் சிரித்தேன். நீயும் கூடச் சிரித்தாய். அப்புறம் குனிந்து, உதிர்ந்து கிடந்த ஒரு பூவைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தாய். ஒரு மனிதன் இதைவிட வெளிப்படையாக என்னதான் செய்ய முடியும்? கெமிஸ்ட்ரி படித்தவன், நிறக்குருடு என்றால் என்ன என்று பிற்பாடு பி.எட். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினவன், எனக்கு ஒன்றும் எட்டவில்லை.

எட்டாததற்குக் காரணம் என்னிடம்தான் இருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு நின்று, நீ பார், நீ சொல் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கங்காணி அப்படித்தான் நிற்பார். சூப்பர்வைசர் அப்படித்தான் நிற்பார். குனிந்து பார்ப்பது எங்கள் வேலை, எழுதிக்கொள்வது அவர்கள் வேலை. என் அம்மா வாழ்நாள் முழுக்க அப்படிக் குனிந்தவள். பண்ணைக்காரர் மகனுக்குக் குடுவையைப் பார்க்கக்கூட ஒரு ஆள் வேண்டியிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. தோன்றினதை மூன்று வருஷம் உள்ளேயே வைத்துப் பழுக்கவிட்டேன். சாயங்காலம் உன்னிடம் பாடம் கேட்பேன், காலையில் உன் தட்டலுக்கு மனசுக்குள் பல்லைக் கடிப்பேன்.

உனக்கும் அந்தப் பட்டம் விளையாட்டாக இல்லை. மண்ணைப் படிக்க வேண்டும் என்பாய். உங்கள் பக்கத்து மேட்டுக்காட்டில் ஒரு வயல் விளைகிறது, வரப்புக்கு அந்தப் புறம் காய்கிறது, அந்த மண்ணில் என்ன இருக்கிறது என்று எவனுக்கும் தெரியவில்லை என்பாய். மேலே படித்து, ஊரிலேயே மண் சோதிக்கிற ஒரு சின்ன லேப் போட வேண்டும் என்பது உன் ஆசை. உன் அப்பாவுக்கு அதில் நம்பிக்கையில்லை. மூன்று வருஷம் விடுகிறேன், தேறினால் மேலே படி, இல்லாவிட்டால் காட்டு வேலையைப் பார், விவசாயம் பண்ணு என்று சொல்லி அனுப்பியிருந்தார். நீ இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. காட்டு வேலை என்றால் உனக்குச் சொந்தக் காடு. என் கதையோடு இதை எப்படிச் சேர்ப்பது என்று நினைத்தேன்.

கடைசிப் பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னால் லேபில் நீ தட்டினாய், நான் எட்டிப் பார்த்தேன், அதை டெமான்ஸ்ட்ரேட்டர் பார்த்துவிட்டார். எல்லோரும் கேட்க என்னைப் பார்த்து, "நீ இவன்டெ கூலிக்காரன் ஆணோ?" என்றார், இவனுடைய கூலியாளா நீ என்று. வகுப்பே சிரித்தது. நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய், சொல்லாமல் நிறுத்திக்கொண்டாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சாயங்காலம் அகழிக் கரையில் உன்னை உட்காரக்கூட விடவில்லை நான்.

"இனிமே ஒன் வேலையை நீயே பாத்துக்க. எனக்குத் தட்டாத. நான் ஒண்ணும் ஒங்க வீட்டு ஆளு இல்ல," என்றேன்.

நீ ரொம்ப நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம், "செரிப்பா" என்றாய். அவ்வளவுதான். அந்த நேரத்தில் நீ விழுங்கினது என்ன என்று இப்போது தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய?

பரீட்சை நாளுக்கு வருகிறேன். அங்கே வராமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது.

ஒரே மேசையின் எதிரெதிர்ப் பக்கத்தில் நம்மை நிறுத்தினார்கள். வெளிக் கல்லூரியிலிருந்து வந்த எக்ஸாமினர் ஜன்னலோரம் உட்கார்ந்து நம் ரெக்கார்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். முதல் அளவு எடுத்துவிட்டு இரண்டாவதுக்குக் குழாயைத் திறந்தேன். அப்போது கேட்டது. இரண்டு தட்டல்.

நான் தலையைத் தூக்கவில்லை.

கேட்கவில்லை என்று இத்தனை காலம் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். கேட்டது. நன்றாகவே கேட்டது. தூக்கினால் எக்ஸாமினர் பார்த்துவிடுவார் என்ற பயம் இருந்தது, அது உண்மை. ஆனால் பயம் மட்டும்தான் இருந்தது என்றால் அது பொய். அவ்வளவு சொல்லியும் மறுபடி தட்டுகிறானே, பரீட்சையில்கூட இவனுக்கு ஆள் வேண்டியிருக்கிறதே என்று வயிறு எரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டினாய், இந்தத் தடவை மெதுவாக. அப்புறம் ஒரு தடவை, கேட்டும் கேட்காத மாதிரி. அதற்கப்புறம் தட்டவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். உன் குடுவை முழுக்க அழுத்தமான ரோஜா நிறம். சொட்டு எல்லையைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. நீ அதைக் கையில் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய். அசட்டைப் பயல், பார்க்காமல் ஊற்றிவிட்டான் என்று நினைத்தேன். உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்தி. ஆமாம், திருப்திதான். இப்போது அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. நீ பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாய். பார்க்கப் பார்க்க ஒன்றுமே தெரியாமல் இருந்திருக்கிறது.

நான் தேறினேன். நீ பிராக்டிகலில் போய்விட்டாய். ரிசல்ட் ஒட்டின நோட்டீஸ் போர்டு முன்னால் நின்றபோது என்னிடம் கை கொடுத்தாய். உன் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு ஏதாவது நல்ல வார்த்தை சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். நான் சொன்னது, "ஒனக்கென்ன, நெலம் இருக்கு."

"ஆமாப்பா," என்றாய். "நெலம் இருக்குது."

நாம் நேரில் பேசினதில் அதுதான் கடைசி. நீ அதைக் கோபமாகச் சொல்லவில்லை. உன் மனைவி சொன்னதைக் கேட்கும்வரை நான் அதைத் திமிர் என்றே வைத்திருந்தேன். நோட்டை வாங்கும்போது அவரிடம் நான் கேட்டேன், என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, டெமான்ஸ்ட்ரேட்டரிடமாவது ஏன் சொல்லவில்லை என்று. அவர் தயங்கித்தான் சொன்னார். "சொன்னா உங்க கண்ண வச்சு எழுதுனது தெரிஞ்சு ரெண்டு பேரையும் வெளிய தள்ளியிருப்பாங்களாமா. எனக்குத் திரும்பிப் போக நெலம் இருக்குது, அவனுக்குக் கத்திதான் இருக்குதும்பாருங்க."

கத்தி. முதல் வாரம் நான் சொன்ன அந்தக் கவாத்துக் கத்தி. அதை நீ சாகிறவரைக்கும் ஞாபகம் வைத்திருந்திருக்கிறாய்.

இதைக் கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வர எனக்கு மனம் ஒப்பவில்லை. கோபம்தான் வருகிறது, உன்மேலும்தான். பாதி உண்மை இது, மீதி உன் ரோஷம். கண்ணில் குறை என்று சொல்லிக்கொள்ள உனக்குக் கூச்சம். உன் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது, வீட்டிலும் வாயைத் திறக்கவிட்டிருக்க மாட்டார்கள். அது எனக்குப் புரிகிறது. ஆனால் அகழிக் கரையில் நான் கத்தினபோது ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எக்ஸாமினர் இல்லை, யார் உட்கார்ந்திருந்தாலும் நான் தலையைத் தூக்கியிருப்பேன். தூக்கியிருப்பேனா? தூக்கியிருப்பேன் என்று நம்பத்தான் வேண்டியிருக்கிறது.

நோட்டை மூணாறு வந்த ராத்திரி வைத்துவிட்டு, விடிந்த பிறகுதான் திறந்தேன். உன் குண்டு எழுத்து. ஒவ்வொரு டைட்ரேஷனுக்கும் அளவுகள், பக்கத்தில் பேனாவால் ஒரு சின்னப் பூ. ஐந்து இதழ், நடுவே ஒரு புள்ளி. முதலில் சும்மா கிறுக்கினது என்று நினைத்தேன். புரட்டப் புரட்டத்தான் புரிந்தது. நான் தலையசைத்த அளவுகளுக்கு மட்டும் பூ. நான் காய்ச்சலில் ஊருக்குப் போயிருந்த வாரத்து அளவுகளில் பூ இல்லை. கடைசிப் பக்கங்கள் வேறு மையில் இருக்கின்றன. தோற்றதை மறுபடி எழுதின செப்டம்பர் பரீட்சைக்கும் அதற்கடுத்ததற்கும் நீ தனியாக வந்து பழகினவை. அங்கே பூ போட வேண்டிய இடத்திலெல்லாம் கேள்விக்குறி. வரிசையாக, பக்கத்துக்குப் பக்கம் கேள்விக்குறி. கடைசிப் பக்கத்தில் அளவுகூட இல்லை, கேள்விக்குறி மட்டும்தான்.

திகைத்துப்போய் உட்கார்ந்துவிட்டேன். திகைப்பு இன்னும் தீரவில்லை. சோறு தின்கிறேன், பேப்பர் படிக்கிறேன், நடுவில் அந்தக் கேள்விக்குறிகள் வந்து திக்கென்கிறது.

அப்புறம் ஒரு கார்டு ஞாபகத்துக்கு வந்தது. நான் முதன்முதலாக வாத்தியார் வேலையில் சேர்ந்தபோது, யாரிடமோ விலாசம் வாங்கி நீ எழுதின போஸ்ட் கார்டு. வாழ்த்து ஒரு வரி. அதற்குக் கீழே, 'பசங்களை லேபில் ரெண்டு ரெண்டு பேராக நிற்க வை. ஒருத்தன் குழாயைப் பிடிக்கட்டும், ஒருத்தன் நிறத்தை வாய்விட்டுச் சொல்லட்டும்' என்று எழுதியிருந்தாய். பரீட்சையில் கோட்டை விட்டவன் எனக்கு லேப் நடத்தச் சொல்லித் தருகிறானா என்று கிழித்துப் போட்டேன். பதிலும் போடவில்லை. வீம்புக்கென்றே ஒவ்வொருவரையும் தனித்தனியாக நிறுத்தினேன். பக்கத்தில் எட்டிப் பார்த்தால் வெளியே அனுப்பினேன். முருகையா சார் லேப் என்றால் ஈ பறக்காது என்று பேர் வாங்கினேன். அந்தப் பேர்மேல் எனக்கு ரொம்பப் பெருமை.

பிளஸ் டூவுக்கு நடத்தின வருஷங்களில் வட்டவடையிலிருந்து ஒரு பையன் வந்தான். பூண்டு பயிரிடுகிற வீடு. மற்றதிலெல்லாம் கெட்டி, டைட்ரேஷனில் மட்டும் எப்போது பார்த்தாலும் தாண்டிவிடுவான். ஒரு நாள் அவன் குடுவையை எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, கண்ணை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அடுத்த வாரம் அவன் கெமிஸ்ட்ரி இல்லாத வேறு குரூப்புக்கு மாறிவிட்டதாகச் சொன்னார்கள். நல்லது என்றேன். அவன் பேர் என்ன என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். வரவில்லை.

நேற்று என் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இப்போது அங்கே கெமிஸ்ட்ரி நடத்துகிற டீச்சர் என்னிடம் படித்தவள், தோட்டத்துப் பெண். உன் கதையை அவளிடம் முழுசாகச் சொன்னேன், என் பங்கையும் விடாமல். கேட்டுக்கொண்டே இருந்தவள், அடுத்த வாரத்திலிருந்து பிள்ளைகளை ரெண்டு ரெண்டு பேராக நிறுத்துவதாகச் சொன்னாள். முதலில் நிறப்புள்ளி அட்டைகளைக் காட்டிப் பிள்ளைகளின் கண்ணைச் சோதித்துவிடுகிறேன் சார், மறைக்க வேண்டியதில்லை என்று சொல்லி வைத்துவிடுகிறேன் என்றாள். இவ்வளவு எளிதாக இருந்திருக்கிறது. வெட்கமாகப் போய்விட்டது. நோட்டைப் பார்க்கட்டும் என்று அவளிடம் தந்துவிட்டு வரலாம் என்றுதான் கொண்டுபோனேன். தர மனம் வரவில்லை, திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அடுப்படியில் என் வீட்டுக்காரி எனக்குத் தேயிலைத் தண்ணி கலக்கிக்கொண்டிருந்தாள். சர்க்கரையைக் கலக்கிவிட்டு, கரண்டியில் ஒட்டினது உதிரக் கண்ணாடி டம்ளரின் விளிம்பில் தட்டினாள். இரண்டு தட்டல். எழுதுவதை விட்டுவிட்டு நான் வெடுக்கென்று தலையைத் தூக்கினேன். அவள் பார்த்துவிட்டு, "என்ன வேணும்?" என்றாள்.

ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குப் பதில், பூத்துவிட்டால் உனக்கு எப்படித் தலையசைப்பேனோ, அப்படி ஒரு தடவை அசைத்தேன்.